படகுச் சாரதியின் பின்கண்

மனிதனுக்கு இயற்கை அளித்த கண்கள் இரண்டும் முன்னோக்கியே அமைந்துள்ளன. காலால் நடந்து செல்பவனுக்கு இவ்வமைப்புப் போதுமானது. பின்னால் ஏதேனும் ஓசை கேட்டால் அவன் நின்று திரும்பிப் பார்க்கலாம். அதனால் வரும் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் யந்திரத்தின் துணையால் விரைந்து செல்பவனுடைய நிலை வேறு. அவன் திரும்பிப் பார்க்கும் அந்தச் சிறு பொழுதிலேயே அவனுடைய வாகனம் நெடுந்தூரம் ஓடிவிடுகின்றது. இந்தக் குறையை நீக்குவதற்கென ஏற்பட்ட எளிய கருவியே பின்புறம் காட்டும் கண்ணாடி. மோட்டார் வண்டியிலும் பஸ் வண்டியிலும் அதனை எல்லோரும் கண்டிருப்பர். ஆயினும் அக்கண்ணாடி நீரின் மேலும் பணி செய்கின்றது என்பதையும், அங்கே அது ஓர் உயிருக்குக் காவலாய் நிற்கின்றது என்பதையும் நேயர்களுட் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நீர்ச் சறுக்கு என்னும் விளையாட்டில் ஒரு மோட்டார்ப் படகு முன்னே விரைகின்றது. அதிற் கட்டிய நீண்ட கயிற்றின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கால்களிற் பலகை பூண்ட ஒருவர் நீரின் மேற்பரப்பிற் சறுக்கியபடி பின்தொடருகின்றார். வீதியிலே செல்லும் வண்டிச் சாரதிக்குப் பின்னால் வருவது மற்றொரு வண்டி. அதற்குத் தனிச் சாரதி உண்டு. தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். படகுச் சாரதிக்குப் பின்னால் வருபவரோ அவருடைய பொறுப்பிலேயே வருகின்றார். படகின் வேகமே அவருடைய வேகம். படகு செல்லும் திசையே அவருடைய திசை. அவர் விழுந்தால் படகு திரும்பிவந்தே அவரை எடுக்கவேண்டும். ஆகவே இங்கே பின்னால் நிகழ்வதை அறிதல் வசதிக்குரிய காரியமன்று, கடமையாகும்.

இவ்விளையாட்டின் தொடக்கம் எளிமையானது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மின்னசோட்டா மாநிலத்திலே, மிசிசிப்பி ஆறு விரிந்து ஏரியாகும் இடத்திற் பெப்பின் ஏரி உள்ளது. அதன் கரையிலுள்ள லேக் சிற்றி என்னும் ஊரிலே வாழ்ந்த ரால்ப் சாமுவேல்சன் என்னும் இளைஞர், பனியின் மேற் சறுக்குவதுபோல நீரின் மேலும் சறுக்கலாகாதா என எண்ணினார். முதலிற் பீப்பாய்ப் பலகைகளைக் காலிற் கட்டிப் பார்த்தார், பயனில்லை. பனிச் சறுக்குப் பலகைகளையும் பரீட்சித்தார், அவையும் அமிழ்ந்தன. பின்னர் எட்டு அடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள மரப் பலகைகளை வாங்கி, அவற்றின் நுனிகளைத் தாயாரின் கொதிகலத்திலே வேகவைத்து மேல்நோக்கி வளைத்தார். தமையனார் பென் படகை ஓட்ட, பல முறை விழுந்தெழுந்த பின், 1922 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2 ஆந் திகதி, தமது பத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு முந்திய தினத்திலே, அவர் நீரின் மேல் எழுந்து நின்றார். உடலைப் பின்னே சாய்த்துப் பலகை நுனிகளை நீருக்கு மேலே உயர்த்திப் பிடிப்பதே வெற்றியின் இரகசியம் என்று கண்டார். தமது கண்டுபிடிப்புக்கு அவர் உரிமைப் பத்திரம் பெறவில்லை. 1925 ஆம் ஆண்டில் நீர்ச் சறுக்குப் பலகைக்கு உரிமைப் பத்திரம் பெற்றவர் பிரெட் வாலர் என்பவராவார்.

பின்வந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இவ்விளையாட்டு வேரூன்றியது. 1939 ஆம் ஆண்டில் அமெரிக்க நீர்ச் சறுக்குச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே தேசியப் போட்டிகளும் நடைபெற்றன. புளோரிடா மாநிலத்துச் சைப்பிரஸ் பூங்காவிலே நடைபெற்ற காட்சிகள் இதனை உலகறியச் செய்தன. இலங்கையிலும் பெந்தோட்டைப் பக்கத்து ஆற்றுநீரில் இவ்விளையாட்டைக் காணலாம். விளையாட்டு வளர வளர, அதற்கெனவே படகுகளும் அமைக்கப்பட்டன. 1961 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்கி நோட்டிக்’ என்னும் படகு அவற்றுட் பேர்பெற்றது. கண்ணாடி நாரினாலான உடல், நடுவிலே யந்திரம், அதன் முன்னே கயிறு கட்டுவதற்கான இழுகம்பம், அலையைத் தாழ்த்தி எழுப்பும் அடிப்பாகம் ஆகியவை இவ்வகைப் படகுகளின் இலட்சணங்களாகும். கண்ணாடி நார் எளிதிற் சிதைவதில்லை. ஆதலால் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட படகுகள் பல இன்றும் நல்ல நிலையில் ஓடுகின்றன. உடைமையாளர் யந்திரத்தைப் புதுப்பிப்பர், இருக்கைகளுக்குப் புதிய உறை தைப்பிப்பர், வர்ணம் தீட்டுவர். ஆனால் முகப்புக் கண்ணாடியின் மேற்சட்டத்திலே, ஒரு மெல்லிய தண்டின் நுனியில் ஆடிக்கொண்டிருக்கும் உள்ளங்கையளவான பழைய பின்காட்டும் கண்ணாடியை மட்டும் பலர் கவனிப்பதில்லை.

அக்கண்ணாடி ஏன் போதாது என்பதை அறியவேண்டுமாயின், முதலிற் சாரதியின் சங்கடத்தை உணரவேண்டும். மணிக்கு 30 மைல் வேகத்திற் செல்லும் படகு ஒரு செக்கனில் 44 அடி தூரம் ஓடுகின்றது. சாரதி தலையைத் திருப்பிப் பின்னே பார்த்து, சறுக்குபவரைக் கண்டு, மீண்டும் முன்னே திரும்புவதற்கு மூன்று செக்கன்கள் ஆகும் எனக் கொண்டால், அதற்குள் படகு 132 அடி ஓடிவிடும். அந்த 132 அடிக்குள் ஒரு நீச்சற்காரனின் தலையோ, ஒரு சிறு தோணியோ, நீரிலே மிதக்கும் ஒரு மரக்கட்டையோ இருந்தால் என்ன ஆகும்? அது மட்டுமன்று. தலை திரும்பும்போது தோளும் திரும்புகின்றது; தோள் திரும்பும்போது சுக்கானைப் பிடித்த கையும் சிறிது அசைகின்றது; நேராகச் செல்லவேண்டிய படகு வழி விலகுகின்றது. இனி, முன்னே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன என்று கேட்கலாம். அப்பொழுது, பின்னே வந்தவர் விழுந்ததை அறியாமல் வெறுங்கயிற்றை இழுத்துக்கொண்டு படகு போய்க்கொண்டேயிருக்கும். விழுந்தவரோ, மற்றப் படகுகள் ஓடித்திரியும் நீர்ப்பரப்பிலே தலை மட்டும் தெரியத் தனியே மிதந்துகொண்டிருப்பார்.

இச்சங்கடத்துக்கு இரண்டு வழிகளில் பரிகாரம் தேடலாம். ஒன்று, சாரதியோடு மற்றொருவரையும் படகில் ஏற்றி, பின்னே நோக்கியிருக்கச் செய்தல். அவரை அவதானி என அழைக்கலாம். மற்றையது கண்ணாடி பொருத்துதல். இவ்விரண்டினுக்கும் இடையிலுள்ள போட்டி படகோடு பிறந்ததன்று. மோட்டார் வண்டியின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. 1909 ஆம் ஆண்டிலே டொரத்தி லெவிற் என்னும் ஆங்கிலப் பெண்மணி, வண்டி ஓட்டும் மாதர்க்கென எழுதிய நூலிலே, பின்னால் வருவதைக் காண்பதற்கு ஒரு கைக்கண்ணாடியை உடன் வைத்திருக்குமாறு ஆலோசனை கூறினார். 1911 ஆம் ஆண்டு இந்தியானாபொலிஸ் நகரிலே முதன்முறையாக நடைபெற்ற 500 மைல் ஓட்டப் போட்டியிலே, பிற வண்டிகளில் சாரதியின் பக்கத்தில் ஒரு யந்திரத் தொழிலாளி அமர்ந்து பின்னால் வருவோரை அறிவித்துக்கொண்டிருந்தார். றே ஹரூன் என்பவர் மட்டும் தனியே ஓட்ட வந்தார். இது ஆபத்து என மற்றையோர் ஆட்சேபித்தபோது, அவர் தமது வண்டியின் முன்னே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்; போட்டியிலும் வென்றார். ஆனால் செங்கற் பாவிய அவ்வோட்டப் பாதையில் அக்கண்ணாடி அதிர்ந்த அதிர்ச்சியிலே ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் பிற்காலத்திலே சொன்னாராம். கண்ணாடி இருத்தல் வேறு, அதிலே காட்சி தெரிதல் வேறு என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களும் இவ்விரு வழிகளை ஒட்டியே அமைந்துள்ளன. புளோரிடா மாநிலத்துச் சட்டம், சறுக்குபவரை இழுக்கும் படகிலே ஓர் அவதானி இருத்தல் வேண்டும், அல்லது அகன்ற பார்வை தரும் பின்காட்டும் கண்ணாடி இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. விளையாட்டுப் பிறந்த மின்னசோட்டாவிலும் இவ்விரண்டில் ஒன்று வேண்டும் என்பதே விதி. கலிபோர்னியா மாநிலமோ கண்ணாடியை மட்டும் நம்புவதில்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறையாத ஓர் அவதானி படகில் இருந்தே ஆகவேண்டும் என்கின்றது. இவற்றிலே கவனிக்கத்தக்க சொல் ‘அகன்ற பார்வை’ என்பதே. எந்தக் கண்ணாடியும் போதும் என்று சட்டம் சொல்லவில்லை. பழைய படகின் சிறு கண்ணாடி இந்தச் சொல்லுக்கு ஈடு கொடுக்குமா என்பதே கேள்வி.

ஈண்டு ஒளியியலின் துணையை நாடவேண்டும். தட்டையான கண்ணாடியைத் தளவாடி என்பர். தளவாடியில் தோன்றும் விம்பம் பொருளின் உண்மையான அளவையும் உண்மையான தூரத்தையும் காட்டும். அது அதன் சிறப்பு. ஆனால் அது காட்டும் பரப்பு மிகக் குறுகியது. ஆறு அங்குல அகலமுள்ள தளவாடி ஒன்று சாரதியின் கண்ணிலிருந்து இரண்டடி தூரத்தில் உள்ளது எனக் கொள்வோர், கண்ணாடியின் அகலம் அத்தூரத்தில் நாலிலொரு பங்கு என்பதைக் காண்பர். எனவே எத்தனை தூரத்துக்கு அப்பாற் பார்த்தாலும், அத்தூரத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு அகலமே அதிலே தெரியும். பொழுதுபோக்காகச் சறுக்குவோர் பயன்படுத்தும் கயிறு வழக்கமாக 75 அடி நீளமுள்ளது. கண்ணாடியிலிருந்து அளந்தால் சறுக்குபவர் சுமார் 80 அடி பின்னே இருப்பார். அவ்விடத்திலே அக்கண்ணாடி காட்டும் அகலம் 20 அடி மாத்திரமே. சறுக்குபவரோ படகின் அலைத்தடத்தைக் கடந்து இடமும் வலமுமாக ஒவ்வொரு பக்கமும் 40 அடி வரை செல்லவல்லவர். ஆகவே அவர் ஆடித்திரியும் 80 அடியில் 20 அடியைத்தான் சாரதி காண்கின்றார். எஞ்சிய முக்காற் பங்கிலே அவர் நின்றாலும் விழுந்தாலும் கண்ணாடிக்கு ஒன்றே.

குவிந்த முகமுள்ள கண்ணாடியைக் குவிவாடி என்பர். அதன் ஓரங்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால், பக்கங்களிலிருந்து வரும் ஒளிக்கதிர்களும் தெறித்துச் சாரதியின் கண்ணை அடைகின்றன. பதினான்கு அங்குல அகலமுள்ள தளவாடியை இரண்டடி தூரத்தில் வைத்தால், அது ஏறக்குறைய 32 பாகை அளவான பார்வையையே தரும். அதே அகலமுள்ள ஒரு குவிவாடி, முப்பது அங்குல ஆரையுள்ள கோளத்தின் ஒரு துண்டுபோல வளைந்திருந்தால், 80 பாகைக்கு மேற்பட்ட பார்வையைத் தரும். இழுகம்பத்திலிருந்து இடமும் வலமும் நாற்பது நாற்பது பாகை வரை சறுக்குபவரை அது விடாது பின்தொடரும். புதிய படகுகளில் ஏழு அங்குல உயரமும் பதினான்கு அங்குல அகலமும் உள்ள குவிவாடிகள் பரவலாகக் காணப்படுவதன் காரணம் இதுவே.

ஆனால் இயற்கை ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றை எடுத்துக்கொள்ளும். குவிவாடி பரந்த காட்சியைத் தருவதற்கு விலையாக விம்பத்தைச் சிறிதாக்குகின்றது. மேற்சொன்ன அளவுள்ள குவிவாடியிலே சறுக்குபவரின் உருவம் உண்மையில் தோன்றவேண்டிய அளவில் ஐந்தில் இரண்டு பங்காகவே தோன்றும். எண்பது அடி தூரத்தில் நிற்பவர், இருநூறு அடிக்கு அப்பால் நிற்பவர்போலக் காணப்படுவார். அமெரிக்க மோட்டார் வண்டிகளின் வலப்புறக் கண்ணாடியிலே, அதிற் காணும் பொருள்கள் தோன்றுவதினும் அண்மையில் உள்ளன என எச்சரிக்கை பொறித்திருப்பது இதனாலேயே. படகிலே கயிற்றின் நீளம் மாறாததால், தூரத்தைத் தவறாக மதிப்பிடும் தீங்கு குறைவு. ஆனால் வேறொரு தீங்கு உண்டு.

சறுக்குபவருக்கும் சாரதிக்கும் இடையில் யந்திரத்தின் இரைச்சலும் காற்றின் ஓசையும் நிறைந்திருக்கும். அங்கே வாய்ச்சொல் பயன்படாது, கைச்சைகையே மொழி. பெருவிரலை மேலே உயர்த்தினால் வேகத்தைக் கூட்டுக. கீழே தாழ்த்தினால் குறைக்குக. கையைக் கழுத்தின் குறுக்கே கொண்டுசென்றால் யந்திரத்தை நிறுத்துக. தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்புக. விழுந்தபின் இரு கைகளையும் தலைக்கு மேலே கோத்துக் காட்டினாலோ, பலகையை நீருக்கு மேலே தூக்கிக் காட்டினாலோ தமக்கு ஊறு ஒன்றுமில்லை என்று பொருள். பெருவிரல் மேலே நோக்குகின்றதா கீழே நோக்குகின்றதா என்பது இருநூறு அடி தூரத்திலுள்ளதுபோலத் தோன்றும் ஒரு சிறு விம்பத்திலே தெரியவேண்டும். கூட்டுக என்றதைக் குறைக்குக எனக் கொண்டால் விளையாட்டுக் கெடும். குறைக்குக என்றதைக் கூட்டுக எனக் கொண்டால் ஆளே கெடலாம். எனவே, எவ்வளவு வளைவோ அவ்வளவு நன்மை என்று எண்ணி மிகக் குவிந்த கண்ணாடியை வாங்குதல் அறிவுடைமையன்று. நடுப்பகுதி மென்மையாகவும் ஓரங்கள் கூடுதலாகவும் வளைந்த கண்ணாடிகளும் செய்யப்படுகின்றன. நேர் பின்னே வருபவரைப் பெரிதாகவும், பக்கம் விலகியவரைச் சிறிதாகவேனும் தவறாமலும் அவை காட்டும். வாங்கும் முன், நண்பரின் படகிலே அத்தகைய ஒன்றைச் சைகைகளோடு பரீட்சித்துப் பார்த்தல் நன்று.

போட்டிகளிலே இத்தேவை இன்னும் கூர்மையடைகின்றது. வளைந்து வளைந்து செல்லும் போட்டியிலே, படகு நடுவழியில் நேரே செல்ல, சறுக்குபவர் இருபுறமும் மாறிமாறி ஆறு மிதவைகளைச் சுற்றிச் செல்லவேண்டும். அம்மிதவைகள் நடுவழியிலிருந்து 11.5 மீற்றர் விலகியுள்ளன. ஆடவர்க்குரிய உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர். தொடக்கத்திற் கயிறு 18.25 மீற்றர் நீளமுள்ளது. ஒவ்வொரு முறை வெல்லும்போதும் கயிறு படிப்படியாகக் குறுக்கப்படும். 11.25 மீற்றருக்குக் குறுக்கப்படும்போது கயிறு மிதவையின் தூரத்தினும் குறுகிவிடுகின்றது! அந்நிலையிற் சறுக்குபவர் தமது உடலையே நீட்டிக் கயிற்றின் குறையை நிரப்புகின்றார். படகின் பின்னால் அன்றி, ஏறக்குறைய அதன் பக்கத்திலேயே தோன்றுகின்றார். அக்கணத்திலே முன்னே உள்ள வழியினின்றும் சாரதியின் பார்வை விலகுமாயின் படகின் நேர்கோடு கெட்டுவிடும். போட்டிச் சாரதி பெரும்பாலும் முன்னையே நோக்கியிருந்து, இமைப்பொழுதுக்கு மட்டும் கண்ணை உயர்த்திக் கண்ணாடியைப் பார்க்கின்றார். தலை திரும்பாது கண் மட்டும் அசைவதற்கு இடமளிப்பதே நல்ல கண்ணாடியின் பெருமை.

இனி, பழைய படகிலே புதிய கண்ணாடியைப் பொருத்தும் முறையைக் காண்போர் முதலிற் கவனிக்கவேண்டியது தண்டும் தாங்கியுமே. பழைய தண்டு மெல்லியது. சிறு கண்ணாடிக்கென அமைந்தது. பெரிய கண்ணாடியை அதன் நுனியில் ஏற்றினால், நாணல் நுனியிற் கனியைக் கட்டியது போலாகும். யந்திரத்தின் அதிர்வினாலும், அலையின் மோதலினாலும், எதிர்க்காற்றின் வேகத்தினாலும் விம்பம் கலங்கும். ஹரூன் கண்ட குறை அதுவே. ஆகவே கண்ணாடியை மாற்றுபவர் தாங்கியையும் மாற்றவேண்டும். குறுகிய, தடித்த அலுமினியத் தண்டு ஏற்றது. தாங்கிக்கும் சட்டத்துக்கும் இடையே றப்பர்த் தகடு வைத்தால் அதிர்வு தணியும்.

முகப்புக் கண்ணாடியின் சட்டம் அலுமினியமாயின், அதனைக் கவ்விப் பிடிக்கும் தாங்கிகள் கிடைக்கின்றன. துளையிடத் தேவையில்லாமையால் இவற்றையே பலரும் விரும்புவர். ஆயின், சட்டத்தின் தடிப்பையும் வளைவையும் அளந்த பின்னரே வாங்கவேண்டும். பழைய படகுகளின் சட்டங்கள் ஒரே அளவினவல்ல. கவ்வி கண்ணாடியை நேரே அழுத்தாது, சட்டத்தை மட்டுமே பற்றவேண்டும். கண்ணாடியின் விளிம்பிலே ஏற்படும் அழுத்தம் இன்று ஒன்றும் செய்யாது. நாளை ஓர் அலையிலே படகு குதிக்கும்போது முழுவதையும் நொறுக்கிவிடும். துளையிட்டே ஆகவேண்டும் என்னும் நிலையிலே, துளை கண்ணாடிக்கு எட்டாதவாறு ஆழத்தை அளந்து, துளைகருவியின் மீது அடையாளம் கட்டிக்கொண்டு வேலை செய்தல் வேண்டும். பழைய தாங்கியின் துளைகளை நீர் புகாத பசையினால் அடைக்கவேண்டும்.

மரையாணிகள் கறைபடியாத உருக்கினால் ஆனவையாயிருத்தல் நன்று. எனினும், உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டு, உப்பு நீரும் சேருமாயின், அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். வெள்ளைத் தூளாக அது உதிர்வதைப் பழைய படகுகளிற் காணலாம். இதனைத் தடுப்பதற்கு மரையாணியின் மீது காப்புக் குழம்பு பூசி இறுக்குவர். அதிர்விலே சுரை தளராதபடி, உள்ளே நைலோன் வளையம் உள்ள சுரையைப் பயன்படுத்துவர். கண்ணாடியின் முகம் பிளாஸ்ரிக்காயின் உடைந்து காயப்படுத்தும் பயம் இல்லை. ஆனால் எளிதிற் கீறல் விழும். அதனை உலர்ந்த துணியால் துடைக்கலாகாது. நன்னீரால் உப்பையும் மணலையும் கழுவிய பின்னரே மென்துணியால் ஒற்றவேண்டும். படகை மூடும் சீலை விரிக்கும்போது கண்ணாடி இடையூறாகாவண்ணம், மடக்கக்கூடிய அல்லது கழற்றக்கூடிய தண்டைத் தெரிந்துகொள்வதும் நல்லது.

பொருத்திய பின் நேர்செய்தல் மிக முக்கியமான வேலை. படகு கரையிலோ இழுவண்டியிலோ நிற்கும்போதே இதனைச் செய்யலாம். சாரதி தாம் வழக்கமாக அமரும் நிலையிலேயே அமரவேண்டும். ஒருவர் கைப்பிடியைப் பற்றிக் கயிறு முழுவதும் நீளுமாறு பின்னே சென்று நிற்கவேண்டும். முதலில் அவருடைய விம்பம் கண்ணாடியின் நடுவே விழுமாறு திருப்பவேண்டும். பின்னர் அவர் இடப்புறமாகவும் வலப்புறமாகவும் நடந்துசெல்ல, எவ்விடத்தில் விம்பம் மறைகின்றது என்று பார்க்கவேண்டும். இருபுறமும் சமமாக மறையும் வரை திருத்தி, அதன்பின் இறுக்கவேண்டும். அவர் குனிந்தமர்ந்து, நீரிலே கிடப்பவர் போலத் தலையைத் தாழ்த்தும்போதும் தெரிகின்றாரா எனப் பார்ப்பது அவசியம். படகு புறப்படும்போது அதன் அணியம் மேலெழும், பின்புறம் தாழும், கண்ணாடியில் விம்பம் மேல் விளிம்பை நோக்கி நகரும். சறுக்குபவர் நீரிலிருந்து எழ முயலும் அக்கணமே சாரதி அவரை அதிகமாகக் கவனிக்கவேண்டிய கணம். ஆகையால் மேல்விளிம்பிற் சிறிது இடம் விட்டு நேர்செய்தல் வேண்டும். மாலை வெயில் பின்புறமிருந்து வரும்போது கண்ணாடியிற் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும்; அவ்வேளைக்கு ஓடும் திசையை மாற்றிக்கொள்வதே உத்தமம்.

இவ்வளவும் செய்த பின் ஒரு வினா எஞ்சுகின்றது. நல்ல கண்ணாடி இருந்தால் அவதானி வேண்டுவதில்லையா? சில மாநிலங்களின் சட்டம் வேண்டுவதில்லை என்கின்றது. ஆயினும் சட்டம் விதிப்பது குறைந்தபட்சம். அறிவு விதிப்பது அதனினும் மேற்பட்டது. கண்ணாடி காட்டும்; ஆனால் பார்க்காது. சாரதி அதனை நோக்கும் கணத்திலேதான் அதற்கு உயிர் வருகின்றது. அவதானியோ இடைவிடாது பார்க்கின்றார். விழுந்தார் எனக் கூவுகின்றார். விழுந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் செந்நிறக் கொடியை உயர்த்தி மற்றப் படகுகளுக்கு அறிவிக்கின்றார். சாரதி வேகத்தைத் தணித்துத் திரும்பி வருகையில், அலைகளுக்கிடையே ஒரு தேங்காயளவாகத் தெரியும் தலையினின்றும் அவதானியின் கண் அகல்வதில்லை. திரும்பும் படகிலே கண்ணாடி பயனற்றுப் போகின்றது. விழுந்தவர் இப்பொழுது பின்னே இல்லை, முன்னே இருக்கின்றார். அவரைச் சாரதி தமது பக்கமாக, கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு மெதுவாக அணுகவேண்டும். படகில் ஏற்றும் முன் யந்திரத்தை நிறுத்தவேண்டும். நீருக்குள் சுழலும் விசிறிக்கு நண்பர் பகைவர் என்ற வேறுபாடு தெரியாது.

ஆயின் கண்ணாடிக்குப் பயனில்லையோ எனின், உண்டு. அவதானி படகில் இருக்கும்போதும் கண்ணாடி சாரதியின் ஐயத்தைத் தீர்க்கின்றது. அவதானி சொல்வதைக் காதாற் கேட்கும் சாரதி, அதனைக் கண்ணாலும் உறுதிசெய்துகொள்கின்றார். திரும்பிப் பார்க்கும் ஆசை அவருக்கு எழுவதில்லை. முன்னே நீந்தும் சிறுவனுக்கும் பின்னே சறுக்கும் தோழருக்கும் அவர் ஒருங்கே நீதி செய்யமுடிகின்றது. அவதானியும் கண்ணாடியும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவன.

பழைய படகொன்றைப் பேணுபவர் அதன் அழகிலும் யந்திரத்தின் ஓசையிலும் பெருமை கொள்வது இயல்பே. பொலிவான வர்ணமும் புதிய இருக்கையும் கரையில் நிற்போர் பாராட்டுவதற்கு உரியன. முகப்பிலே உயர்ந்து நிற்கும் கண்ணாடியோ அவர்கள் கண்ணிற் படாது. அதன் செலவு, படகுக்குச் செய்யும் மற்றச் செலவுகளோடு ஒப்பிடுமிடத்து மிகச் சிறிது. பொருத்துவதற்கு ஒரு பிற்பகல் போதும். ஆனால் கயிற்றின் மறுநுனியிலே, சாரதியின் முகத்தைக் காணமுடியாது, அவருடைய முதுகை மட்டுமே கண்டுகொண்டு வருகின்ற ஒருவர் இருக்கின்றார். தாம் கையை உயர்த்தினால் அது காணப்படும், தாம் விழுந்தால் அது அறியப்படும் என்னும் நம்பிக்கையிலேயே அவர் அக்கயிற்றைப் பற்றியிருக்கின்றார். படகுக்கு உரியவர் அந்த நம்பிக்கையைக் காப்பதற்குச் செய்யத்தக்க பணிகளுள், இச்சிறு பணி முதலிற் செய்யவேண்டியதாகும்.